மணமாகாதவர் என்று டிக் அடித்தவன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் ஆறு வருஷப் பழைய திருமணச் சான்றிதழை நீட்டி, "மூணு காப்பி. தேதி தெளிவாத் தெரியணும்" என்றார். தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. அதனால் மீதியை நானே கற்பனை செய்ய வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: விமானம் மேலே எழும்பியபோது அவன்—

வேண்டாம். இன்னும் விசாவே வரவில்லை.

இரண்டாவது: அவன் லிஃப்ட் மெக்கானிக். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, நிரந்தரமாகக் குடியேறும் விசாவில் அவனை எடுக்க முன்வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் முதல் விண்ணப்பத்தை நிரப்பும்போது கூட வேலை பார்த்தவர்கள் காதில் ஓதினார்கள். "குடும்பம்னு போட்டா கம்பெனிக்குச் செலவு, எடுக்க மாட்டான். ஒண்டிக்கட்டைன்னு போடு. அப்புறம் சேர்த்துக்கலாம்."

'மணமாகாதவர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். அப்போது மகளுக்கு மூன்று வயது.

(இப்படியும் ஒருவன் செய்வானா என்று கேட்பீர்கள். முதல் வரைவில் நானும் அவனைத் தனியாளாகத்தான் வைத்திருந்தேன். ஆள் குறைந்தால் எழுதுவது சுலபம். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.)

3

இப்போது கடைசிப் படிவம் வந்திருக்கிறது. விசா ஆலோசகர் சுற்றி வளைக்கவில்லை.

"சார், இப்ப சேர்க்கலன்னா அப்புறம் அவங்களைக் கூட்டிட்டுப் போறது ரொம்பக் கஷ்டம். சேர்த்தா, அன்னைக்கு ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாங்க. உங்க விசாவே கைவிட்டுப் போகலாம். திங்கக்கிழமைக்குள்ள ஒரு விளக்கக் கடிதம் வைங்க."

இன்று ஞாயிறு, காலை பதினொரு மணி. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்.

அவசரத்தில் தவறுதலாக—

படிவத்தின் மொழி சரியாகப் புரியாததால்—

எனக்குக் குடும்பம் இருப்பதை அப்போது—

(மூன்றாவது வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.)

4

மனைவிக்கு இது எதுவும் தெரியாது. தானும் மகளும் அந்த விண்ணப்பத்தில் இருப்பதாகவே நம்பி, மகளுக்குக் குளிர்கோட்டுகூட வாங்கி வைத்துவிட்டாள். பல் மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுக்கப் பிறரைப் படிவம் நிரப்ப வைப்பவள் அவள். பின்னால் வந்து நின்று திரையைப் படித்தாள்.*

"ரெண்டு வருஷமா அந்தப் பேப்பர்ல நான் இல்லையா?"

"சும்மா ஒரு டிக்தான்மா…"

"பாப்பா?"

அவன் லேப்டாப்பை மூடப் போனான்.

இந்த இடத்தில் அவளை அழ வைக்கலாம் என்றிருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மூணு வரியையும் அழிங்க. வேலை கிடைக்காதோன்னு பயந்து மறைச்சேன்னு எழுதுங்க."

"உண்மையைச் சொன்னா மொத்தமும் போயிடும்."

"போகட்டும். எங்களைத் தவறுதலா விட்டுட்டேன்னு மட்டும் கையெழுத்துப் போடாதீங்க. அதை என்னால தாங்க முடியாது."

அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சொன்னபடியே எழுதினான்.

* மகள் அடுத்த அறையில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். அவளை இதற்குள் இழுக்க எனக்கு மனமில்லை.

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் மூவருக்கும் விசா வருகிறது. மற்றதில் யாருக்கும் வரவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். ஏதோ ஓர் அதிகாரி செய்ய வேண்டிய வேலை அது, என்னுடையதல்ல.

கடிதம் தயார். 'அனுப்பு' என்ற பொத்தானின் மேல் அவன் விரல் இருக்கிறது. அழுத்திவிட்டான் என்று எழுதிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை. என் பேச்சை அவனும் கேட்பதாக இல்லை. நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அவள் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.