ஈர அட்டை வாசம்

மூக்கரின் மூக்கு செத்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு காய்ச்சல் வந்தது, மூன்று நாள் படுக்கையில் கிடந்தார், நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து காபியை முகர்ந்தார். வெறும் வெந்நீர்! டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வந்தா வரும், வராட்டி இல்ல" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை.

மனிதர் ஒயின் இறக்குமதிக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக ருசி பார்ப்பவர். மூக்கர் என்பது தொழிலில் இருப்பவர்கள் மரியாதையாக வைத்த பெயர். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருக்கும். ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போய்விட்டால் தான் யார் என்பது அவருக்கே தெரியாது.

ஆள் கெட்டிக்காரர். மூக்குதானே போயிற்று, நாக்கு இருக்கிறதே? புளிப்பும் உப்பும் கசப்பும் அதற்கு இன்னும் தெரியும். அதனால் கமகமவென்று மணக்கும் சரக்கையெல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிவிட்டு, லேசான, வெடுக்கென்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின்களாகப் பார்த்து இழுத்துப் போட்டுக்கொண்டார். அதிலும் முக்கியமாக மஸ்கடே. கடலோரத்துச் சரக்கு, இயல்பிலேயே வாசனை அடக்கம், புளிப்பு தூக்கல், கடைசியில் துளி உப்பு. முக்கால்வாசியை நாக்கே சொல்லிவிடும், மீதிக்கு இருக்கவே இருக்கின்றன பழைய குறிப்பு நோட்டுகள். ஐந்து மாதத்தில் ஒரு தப்புக்கூட இல்லை. நானா கொக்கா என்று சில நாள் தனக்குள் சிரித்துக்கொள்ளவும் செய்தார், பாவம்.

ருசி பார்க்கும் அறையில் ஒரு சட்டம் உண்டு. முதலில் மூக்கர்தான் பேசுவார். அவர் முடிக்கும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கவும் கூடாது. ஒருவர் எலுமிச்சை என்றால் மற்ற எல்லார் மூக்கிலும் எலுமிச்சை ஏறிக்கொள்ளும் என்பதால் அவரே போட்ட சட்டம் அது.

அன்று காலை பதினொரு மணிக்குப் புதிதாக வந்த மஸ்கடேயைப் பார்க்க உட்கார்ந்தார்கள். கம்பெனி முதலாளி, அதாவது மூக்கரின் மனைவியுடைய தம்பி, ஒரு பக்கம், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒரு பக்கம், சரக்கு வாங்க வந்த ஓட்டல்காரர் எதிரே. வழக்கமாகக் கிடங்குக்கார அம்மாள்தான் பாட்டிலைத் திறந்து எடுத்து வருவார். அன்றைக்கு ஓட்டல்காரர் சீக்கிரமே வந்து, பெட்டியிலிருந்து ஒன்றைத் தானே உருவி, தக்கையைப் பிடுங்கி நான்கு கிளாசிலும் ஊற்றிவிட்டார்.

"சார், நான் தெறக்கறேன்…" என்று அம்மாள் பதறிக் கையை நீட்டினார்.

"எதுக்கும்மா? எனக்குக் கை இல்லையா?"

மூக்கர் கிளாசை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்தார். வெளிறிய மஞ்சள், ஓரத்தில் துளி பச்சை. கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தார். நடிப்பில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு வாய் வைத்து, அலசி, வாளியில் துப்பினார்.

"ஒடம்பு லேசு. புளிப்பு நிமிந்து நிக்குது. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், மழையில நனைஞ்ச கல்லு. கடைசில உப்பு. சுத்தமா இருக்கு. கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

சுத்தம் என்றால் அந்தத் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: கெட்டுப்போகவில்லை. மூக்கர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

ஓட்டல்காரர் கிளாசை முகர்ந்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடி முகர்ந்தார். முதலாளி தன் கிளாசை வாயில் வைக்காமலேயே வாளியில் கவிழ்த்துவிட்டு, "மாமா சொன்னா சரிதான்" என்றான். குரல் சரியாக இல்லை.

"என்ன? நான்தான் முடிச்சிட்டேனே, பேசுங்க."

"சார், வெளையாடறீங்களா?" என்றார் ஓட்டல்காரர். "தக்கை கெட்டுப்போன பாட்டில் இது. ஈர அட்டைப்பெட்டி வாசம் குப்புனு அடிக்குது. எங்க ஓட்டல்ல கிளாஸ் கழுவறவனுக்குக்கூடத் தெரியும்."

மூக்கர் தக்கையை எடுத்து மூக்கில் வைத்து அழுத்தினார். சொரசொரவென்று இருந்தது. அதைத் தவிர ஒன்றுமில்லை.

ஓட்டல்காரர் பையை எடுத்துக்கொண்டு, "இன்னொரு நாள் பாப்போம்" என்று எழுந்தார். போகும்போது மூக்கரின் முகத்தைப் பார்க்காமல் போனார். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை.

கதவு சாத்தியதும் முதலாளி மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு அஞ்சு மாசமாவே தெரியும் மாமா. ஒவ்வொரு பாட்டிலையும் நானும் கிடங்கு அம்மாவும் முன்னாடியே தெறந்து மோந்து பாத்துடுவோம். நல்லதை மட்டும்தான் உங்க முன்னாடி வெப்போம். இன்னிக்குத் தவறிப்போச்சு."

ஐந்து மாதத்தில் ஒரு தப்புக்கூட இல்லாததன் ரகசியம் இதுதானா! சாமர்த்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டு பேர் பார்த்துப் போட்ட பிச்சை.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாள் இன்னொரு பாட்டிலைத் திறந்தார், முகர்ந்தார், தலையாட்டிவிட்டு ஊற்றினார். அதன் பிறகு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். சட்டம்!

"நீ சொல்லு மச்சான்."

"எலுமிச்சை, மாமா. நல்லா தூக்கலா."

மூக்கர் கண்ணை மூடி எலுமிச்சையைத் தேடினார். மஞ்சள் வந்தது. தோலின் வழவழப்பு வந்தது. விரல் வெட்டில் சாறு பட்டால் வரும் எரிச்சல்கூட வந்தது. வாசனை மட்டும் வரவில்லை. மூக்கிலிருந்துதான் போயிற்று என்று நினைத்திருந்தார், ஞாபகத்திலிருந்தும் போய்விட்டிருந்தது. இனி அவரிடம் இருப்பது அந்த வார்த்தை மட்டும்தான். அதற்காகவா இத்தனை பாடு என்றிருந்தது.

கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதடா" என்றார்.

அவன் தலை நிமிரவில்லை. "அக்காதான் மாமா என்கிட்டயே சொன்னா."

தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "இன்னிக்கு என்னென்ன வாசனை?" என்று கேட்டுக்கொண்டு மனைவி எதிரே வந்து உட்காருவாள். நேற்றும் கேட்டாள். அவர் பேரிக்காய் என்று ஆரம்பித்து அது எப்படி மணந்தது என்று கால் மணி நேரம் விளக்கினார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.