மூன்றாமவரின் முனகல்

ஞாயிறு பூசை முடிந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு படியில் இறங்கினேன். கீழே சமையலறையிலிருந்து என் குரல் கேட்டது.

குரல் என்று அதைச் சொல்ல முடியாது. பியானோவுக்கு அடியில், டிரம்சுக்கு அடியில், பேஸ் கம்பிகளுக்கும் அடியில் ஒரு முனகல். ஆளுயரமான அந்த வாத்தியத்தைக் கட்டிப் பிடித்து வாசிக்கும்போது விரல் போகும் இடமெல்லாம் என் தொண்டையும் போகும். நிறுத்திப் பார்த்திருக்கிறேன். முடிந்ததில்லை. 1964இல் லண்டனில் ஒலிப்பதிவு செய்தவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை கத்தினார். மூன்றாம் தடவை விட்டுவிட்டார்.

முப்பத்திரண்டு வருடம் கழித்து அந்த முனகல் கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்னில், எங்கள் வாடகை வீட்டின் படிகளில் ஏறி வந்தது. நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளன் பேசினான். இளம் குரல். இவர்கள் டொல்பின் லேன் த்ரீ, ஜாசும் பொப்பும் கலந்து வாசித்த மூன்று பேர், இரண்டே இரண்டு இசைத்தட்டு, அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றான். பியானோ வாசித்துப் பாடிய பமேலா லண்டனில் இருக்கிறார். டிரம்ஸ் வாசித்தவர் இறந்துவிட்டார். பேஸ் வாசித்த றொனி நேதன் ஒரு சிலோன்காரராம். அவர் என்ன ஆனார் என்று அறிந்தவர்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்கவும்.

"அப்பா!" ஸ்டெபனி றேடியோவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். "உது நீங்கள்தானே?"

"விசரே உனக்கு?"

"கொயர்ல நீங்கள் போடுற சத்தம் அப்பா. எக்ஸாக்ட்லி த சேம். பேர்ணடெற் அன்ரி உங்களுக்குப் பக்கத்தில நிக்கமாட்டனெண்டு ஃபாதரிட்டச் சொன்னவா, தெரியுமே? உங்கட பேர் அமிர்தநாதர், அவர் நேதன். கம் ஆன்!"

"நான் லண்டனைப் படத்திலதான் பார்த்தனான்" என்றேன்.

அடுப்படியில் நின்ற என் மனைவி அருள்நாயகி திரும்பவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

அவளுக்கு எல்லாம் தெரியும். எண்பத்தெட்டில் நாங்கள் அகதிக் கோரிக்கை கொடுத்தபோது படிவத்தை நிரப்பியவர் சீமோன். ஊராருக்கெல்லாம் அவர்தான் நிரப்பிக் கொடுப்பார். "அண்ணை, லண்டனைப் பற்றி மூச்சுக் காட்டாதையுங்கோ. எட்டு வருசம் இருந்தனெண்டால் அங்கையே போ எண்டுவாங்கள்." இதற்கு முன் வாழ்ந்த நாடுகள் என்ற கேள்விக்கு நேரே இலங்கை என்று மட்டும் எழுதினார். படிவத்தின்படி அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தொன்பது வரை நான் கொழும்பில் எழுதுவினைஞன். கையெழுத்து என்னுடையது. பிறகு வந்த ஒவ்வொரு படிவத்திலும் அதே எட்டு வருடப் பொய்யைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சீமோன் சொன்னது சரியா என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு முதலில் சொல்ல வேண்டுமே.

அந்த வியாழக்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். என் கோரிக்கை பொய் என்றால் அருள்நாயகியின் பேப்பரும் பொய், ஸ்டெபனியின் பேப்பரும் பொய். ஒன்பது வயதில் வந்தவள். இப்போது பதினேழு. எங்கே திருப்பி அனுப்புவார்கள்?

செவ்வாய் பின்னேரம் வேலையால் வந்தேன். ஸ்டெபனி புதுச் சட்டையோடு வாசலில் நின்றாள்.

"கோவிக்கப்படாது. றேடியோவுக்கு கோல் பண்ணினனான். இப்ப வாறார். சேர்ப்ரைஸ்!"

"அட்றெஸ் குடுத்தனியோ?"

"பின்னை? எப்பிடி வாறது?"

அருள்நாயகி என் காதருகே வந்தாள். "இஞ்சாருங்கோ. வாயை மட்டும் திறக்காதையுங்கோ."

றேடியோவில் பேசிய அந்த அறிவிப்பாளன் கிரெய்க் வந்தான். கம்பளித் தொப்பி, கையில் பெட்டி போல மூடித் திறக்கிற ஒரு சிறிய இசைத்தட்டுக் கருவி. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே மேசையில் அதைத் திறந்து ஊசியை வைத்தான்.

நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். பல்லைக் கடித்தேன். மற்றவர்கள் ஓய்ந்து நான் மட்டும் வாசிக்கும் இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வந்தது. கருவிக்குள்ளிருந்து முனகல் எழுந்தது. என் கழுத்தில் ஏதோ வீங்கி ஏறியது. அருள்நாயகி கொண்டுவந்து வைத்த கோப்பையை எடுத்துக் கொதிக்கிற தேநீரை அப்படியே விழுங்கினேன். நெஞ்சுவரை வெந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

கிரெய்க் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் இருந்த என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே என் நாலு விரல்களும் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை அழுத்திக்கொண்டிருந்தன. தொண்டையைக் காத்த நான் கையை மறந்துபோனேன்.

கையை மடிக்குள் இழுத்தேன். தட்டு சுற்றி முடிந்தது. ஊசி உரசும் சத்தம். அதையும் அவன் எடுத்துவிட்டான்.

"நான் இல்லை" என்றேன் ஆங்கிலத்தில்.

அவன் தட்டை எடுத்து உறைக்குள் போட்டான். பிறகு சொன்னான்: "பமேலாவுக்கு உடம்பு சரியில்லை. எண்பத்துமூன்றில் கொழும்பில் தமிழர் வீடுகளை எரித்தார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று கடிதம் போட்டிருக்கிறார். பதில் இல்லை. றொனி உயிரோடு இருக்கிறாரா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும்."

எரிந்தவற்றில் எங்கள் வீடும் ஒன்று. கடிதங்கள் எந்தச் சாம்பலுக்குப் போயினவோ. ஓம் என்று ஒரு சொல் போதும். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"அப்படியானால் தவறான வீட்டுக்கு வந்துவிட்டேன்." அவன் பெட்டியை மூடினான். அருள்நாயகிக்கு நன்றி சொன்னான். தேநீர் நன்றாக இருந்ததாம்.

கதவு சாத்தியதும் ஸ்டெபனி கேட்டாள்: "ஏன் பொய் சொன்னனீங்கள்? ஷேமா?"

அப்போது சொன்னேன். லண்டன், சீமோன், படிவம், எல்லாம். அவள் முகத்திலிருந்து கோபம் போனது. அது போன இடத்தில் வந்ததை நான் முன்பு அவளிடம் கண்டதில்லை. என் முகத்தில் தினமும் சவரம் செய்யும்போது காண்பது.

"அப்ப நான் கோல் பண்ணினது..." என்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை மண்டபத்தில் வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாரும் சத்தியம் சொல்கிறார்களா, உதடு அசைகிறதா என்று ஒரு பெண் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் எங்கள் வரிசைக்கு வந்தபோது ஸ்டெபனியின் விரல்கள் என் கோட்டு ஓரத்தைப் பிடித்திருந்தன. மூன்று பேருக்கும் சான்றிதழ் தந்தார்கள். யாரோ எங்களைப் படம் எடுத்தார்கள். நான் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அதே நேரம் மூவரும் மேசையில் இருந்தோம். யாரும் சொல்லாமலே ஸ்டெபனி றேடியோவைப் போட்டாள்.

"றொனி நேதனைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்றான் கிரெய்க். "ஆனால் பமேலாவுக்கு எழுதிவிட்டேன். இனிக் கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்."

கண் கலங்கியது. உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. ஏன் கவலைப்பட வேண்டாம் என்று இதைக் கேட்கும் ஒரு அதிகாரி யோசிக்கமாட்டானா? மேசை லாச்சிக்குள் சான்றிதழ் கிடக்கிறது. கொடுத்தவர்களுக்குத் திருப்பி எடுக்கத் தெரியாதா?

பாட்டுத் தொடங்கியது. முனகல் வந்தது. ஸ்டெபனி எழுந்துபோய் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கதவுக் கொளுக்கியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப ஒருத்தருக்கும் கேக்காது அப்பா" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். கை மேசையில் தானாக அசைந்தது. தொண்டை திறக்கவில்லை.