ஏழாம் எண் வீட்டுக் காபி

எனக்கு வாய் அதிகம். வடகோடிக் குளிர்தேசத்தில் இருக்கும் எங்கள் ஔலு நகரத்தில் இது ஒரு குறைபாடு. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும், முன்பின் தெரியாதவரை ஒட்டி உட்கார்ந்து சங்கடப்படுத்துவானேன் என்று நின்றுகொண்டே வருகிறவர்கள் நாங்கள். ஒரு மனிதரை அவர் பாட்டுக்கு விட்டுவிடுவதுதான் இங்கே மரியாதை. துக்கம் விசாரிப்பது, ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்பது எல்லாம் அநாகரிகம்.

பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இதற்கு நேர்மாறாக ஒரு வழக்கம். பட்டத்துக்காக ஆய்வேடு எழுதும் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிராளியை நியமிப்பார்கள். அவரும் மாணவர்தான். ஆய்வேட்டை வரி வரியாகப் படித்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் அதன் ஓட்டைகளைச் சொல்வது அவர் கடமை. மாணவர் ஸ்டார்ட்-அப் போட்டி நடத்துகிறவர்கள் இந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டார்கள். எந்த அணிக்கு எது எதிராளி என்பது குலுக்கலில் முடிவாகும். அடுத்த அணியின் கோப்பு, சோதனைப் பதிவுகள் உட்பட, ஒரு வாரம் முன்பே கைக்கு வந்துவிடும். மேடையில் எட்டு நிமிடம் கேள்வி கேட்கலாம். நூறு மதிப்பெண்ணில் முப்பது, அடுத்தவர் யோசனையை எவ்வளவு நன்றாகக் கிழிக்கிறோம் என்பதற்கு.

எனக்காகவே எழுதிய விதி. போன வருடம் பெர்ரி பறிக்கும் டிரோன் ஒன்றைக் கொண்டுவந்த அணியை நான் ஆறே நிமிடத்தில் முடித்துவிட்டேன். அவர்களுடைய தலைவன் மைக்கிலேயே, "சரி, நாங்க கடையை மூடிக்கறோம்" என்றான். அரங்கமே சிரித்தது. அதற்குப் பிறகு நடைபாதையில் என்னைப் பார்த்தால் ஜூனியர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

இந்த வருடம் பரிசு பெரிது. ஜெயிக்கும் அணியின் சரக்கை நகராட்சியே முதல் வாடிக்கையாளராக இருந்து வாங்கிக்கொள்ளும். எங்கள் அணி என்றால் நானும் ரோப்பேயும்தான். குளிர்காலத்தில் கார் எஞ்சினை உறையாமல் சூடாக வைக்க, வண்டி நிறுத்துமிடங்களில் பிளக் செருகும் கம்பங்கள் இருக்கின்றனவே, அவற்றில் சும்மா கிடப்பவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயலி எங்களுடையது. அபாரமான யோசனை ஒன்றுமில்லை, ஆனால் கணக்கு உதைக்காது.

குலுக்கலில் எங்களுக்கு வந்தவன் ஆர்த்து. தனி ஆள் அணி. முதல் வருடத்திலிருந்து ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரன், அதிகம் பேசமாட்டான். அவனுடைய சரக்கு ஒரு சின்ன பிளக். தனியாக வசிக்கும் வயதானவர்களின் காபி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே அதைச் செருக வேண்டும். காலை பத்து மணிக்குள் காபி போடவில்லை என்றால் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ கைபேசியில் ஒரு செய்தி போகும். அவ்வளவுதான். எங்கள் ஊரில் பத்து மணி வரை காபி குடிக்காத கிழவர் என்றால், ஒன்று அவர் ஊரில் இல்லை, அல்லது உயிரோடு இல்லை. அவன் ஜெயித்தால் நகராட்சி இருநூறு வீடுகளில் அந்தப் பிளக்கை மாட்டும். எல்லோரும் அவன்தான் ஜெயிப்பான் என்றார்கள். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது, எரிச்சலாக இருந்தது.

அவனுடைய சோதனைப் பதிவு பன்னிரண்டு வீடுகள், நான்கு மாதம். வரி வரியாக மேய்ந்தேன். மூன்றாம் நாள் சிக்கியது.

"ரோப்பே, இங்க வா. பையன் வசமா மாட்டினான்."

"எங்க?"

"ஏழாம் நம்பர் வீடு. ஆண், வயசு எழுபத்தொண்ணு. ஏப்ரல் ஒம்பது, காலைல பத்து மணிக்கு செய்தி போயிருக்கு. திறந்து பாத்தது எப்போ தெரியுமா? பதினொண்ணாந் தேதி சாயங்காலம். ரெண்டு நாளுக்கு மேல!"

ரோப்பே திரையை எட்டிப் பார்த்தான். "கிழவர் மீன் பிடிக்கப் போயிருப்பார். ஐஸ் உருகறதுக்குள்ள கடைசியா ஒரு ஓட்டை போட்டு உக்காந்திருப்பார்."

"அப்படின்னா இன்னும் நல்லது. மீன் பிடிக்கறதுக்கும் மண்டையைப் போடறதுக்கும் இந்த மெஷினுக்கு வித்தியாசம் தெரியலன்னு சொல்லலாம்."

"உன் நாக்குல தேள் இருக்குடி." சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "எதுக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா? அந்த வீடு யாருதுன்னு?"

"நல்லா கேட்ட போ. கேட்டா உஷாராயிடுவான்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆர்த்துவின் அப்பா ஏப்ரலில்தான் இறந்தார். எங்களுக்குத் தெரியும். வகுப்புக் குழுவில் ஒரு செய்தி வந்தது: "ஆர்த்துவின் அப்பா காலமாகிவிட்டார். அவனைக் கொஞ்ச நாள் அவன் பாட்டுக்கு விடுங்கள்." நாங்கள் நாற்பது பேரும் ஆளுக்கொரு மெழுகுவர்த்திப் படம் போட்டோம். இரண்டு வாரம் கழித்து வந்தான். நான் அவன் மேசைக்கு ஒரு கோப்பைக் காபியைத் தள்ளி வைத்தேன், எதுவும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. கொஞ்ச நாள் விடச் சொன்னார்கள், நாங்கள் ஏழு மாதம் விட்டுவிட்டோம்.

ஏப்ரல் ஒன்பது என்ற தேதியைப் பார்த்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை என்று பிறகு பலரிடம் சத்தியம் செய்தேன். பெரும்பாலான நாட்களில் நானே அதை நம்புகிறேன்.

நவம்பர் இறுதி. போட்டி மதியம் இரண்டு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே அதற்குள் பொழுது சாய ஆரம்பித்திருந்தது. இருநூறு பேர் இருந்தார்கள். நடுவர் குழுவுக்குத் தலைவர் ரைலி, நகராட்சியில் முதியோர் வீட்டுப் பராமரிப்பைப் பார்ப்பவர், சிக்கனமாகச் சிரிக்கிற பெண்மணி. ஆர்த்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். பிளக்கை உயர்த்திக் காட்டினான், பேசினான், கைதட்டல் வாங்கினான். ரைலி கூடத் தலையாட்டினார். பிறகு மைக் என் கைக்கு வந்தது.

முதல் ஐந்து நிமிடம் சில்லறைக் கேள்விகள். மின்தடை வந்தால்? காபியை விட்டுவிட்டு டீக்கு மாறினால்? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். ஆறாவது நிமிடம் ஸ்லைடை மாற்றினேன். கருப்புத் திரையில் வெள்ளையில் கொட்டை எழுத்து: செய்தி போனது. யாரும் பார்க்கவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தை எழுதிவிட்டு முந்தின நாள் நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன்.

"ஏழாம் நம்பர் வீட்டுக்கு வருவோம்," என்றேன். "ஏப்ரல் ஒம்பதாந் தேதி போன செய்தியை ரெண்டு நாள் யாரும் திறக்கல. ஏன்?"

ஆர்த்து திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"மார்ச்சுல மூணு தடவை சும்மா செய்தி வந்துச்சு. ஒரு தடவை வடிகட்டுற காகிதம் தீர்ந்துபோச்சு. ரெண்டு தடவை தூங்கிட்டார். அதனால செய்தியை வாங்கறவர் சத்தத்தை அணைச்சு வெச்சிருந்தார்."

"ஆக, உங்க மெஷின் மூணு தடவை பொய் சொன்னா போதும், நாலாவது தடவை யாரும் நம்ப மாட்டாங்க." அரங்கில் லேசான சிரிப்பு. எனக்கு அது போதவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன். "பாவம், அந்த ஏழாம் வீட்டுக்காரர் என்னதான் பண்ணிட்டிருந்தார்? மீன் பிடிக்கப் போயிட்டாரா? நல்லாத்தானே இருக்கார்?"

இப்போது நன்றாகவே சிரித்தார்கள்.

"இல்ல," என்றான் ஆர்த்து.

அவன் குரல் உயரவில்லை. எதிராளியின் கேள்விக்கு உண்மையான, முழுமையான பதில் தர வேண்டும் என்பது விதி. அவன் விதிப்படி பதில் சொன்னான்.

"சமையலறைல விழுந்துட்டார். இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்தது. உடனே யாராவது போயிருந்தா பிழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னார். ரெண்டாவது நாள் காலைல போயிருந்தாக்கூட போதுமாம். செய்தியை வாங்கறவர் நான்தான். அவர் என் அப்பா."

ரைலி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணரை நிமிஷம் இருக்கு. எதிராளி தொடர்றாங்களா?" என்று கேட்டார். தொடரவில்லை என்று தலையசைத்தேன். மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொட்டை எழுத்து எங்கள் இருவர் தலைக்கும் மேலே அப்படியே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் ஜெயித்தோம். விமர்சனத்துக்கு மட்டும் முப்பதுக்கு இருபத்தொன்பது. "வருத்தமான விஷயம்தான். ஆனா இருநூறு வீட்ல மாட்டறதுக்கு முன்னாடி நாங்க கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. எங்களுக்காக இவங்க கேட்டுட்டாங்க," என்றார் ரைலி. சரியாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

அப்புறம் காபியும், இறாலும் மீனும் அடுக்கிய ரொட்டிக் கேக்கும். வருகிறவர்கள் என் கையைக் குலுக்கினார்கள். தட்டோடு நின்றபடி பார்த்தேன். அரங்கத்தின் மறுமூலையில் ஆர்த்து வயர்களைச் சுற்றிச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் இல்லை. எல்லோரும் மரியாதையாக ஒதுங்கியிருந்தார்கள். நானும்தான்.

"பதிவுல அந்த ஒரு வரியை அழிச்சிருந்தான்னா இன்னிக்கு கேக் அவனுக்கு," என்றான் ரோப்பே, கேக்கைத் தொடாமல்.

நான்காம் நாள் பொறுக்கமாட்டாமல் அவன் குடியிருப்புக்குப் போனேன். பட்டைத்தூள் பன் ஒரு பை வாங்கிக்கொண்டேன், சும்மா கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது? லிஃப்ட் இல்லை, நான்காம் மாடி. கதவைத் திறந்தான். சவரம் செய்யாத முகம். பின்னால் தரையில் ஓர் அட்டைப்பெட்டி, அது நிறைய பிளக்குகள். பன்னிரண்டு வீட்டிலிருந்தும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டிருந்தான்.

"பன் வாங்கிட்டு வந்தேன்," என்றேன்.

"உள்ள வா."

வாசலில் பனிக் காலணியைக் கழற்றாமல் நின்றேன். "ஆர்த்து, எனக்குத் தெரியாதுடா. சத்தியமா தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் எங்க சொன்னேன்."

"அந்த வரியை ஏன் அழிக்காம விட்ட? அழிச்சிருந்தா நீதான்..."

"அழிச்சிட்டா அந்த ரெண்டு நாள் யாருக்குமே தெரியாமப் போயிடும்," என்றான். பன் பையை வாங்கி மேசைமேல் வைத்தான். "யாராவது பாப்பாங்க, இது என்னடான்னு கேப்பாங்கன்னு நினைச்சேன். வழிகாட்டிப் பேராசிரியர் பாத்தார், கேக்கல. நீ கேட்ட."

"அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்மேல கோபமா இருப்ப."

அவன் யோசித்தான். எங்கள் ஊர்க்காரர்கள் இந்த மாதிரிக் கேள்விக்குக் கூட யோசித்துத்தான் பதில் சொல்வோம்.

"கோபமான்னு தெரியல. ஏழு மாசத்துல என் அப்பாவைப் பத்தி என்கிட்ட கேட்ட ஒரே ஆள் நீதான் சைமி. என்ன, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு கேட்ட."

சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து காபிக் கோப்பை எடுத்தான். ஒன்றல்ல, இரண்டு. மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். காபி மெஷினில் தண்ணீர் ஊற்றினான். அவன் முதுகு என் பக்கம் இருந்தது. "அன்னிக்கு எனக்குப் பரீட்சை," என்று ஆரம்பித்தான், அதோடு நிறுத்திக்கொண்டான்.

ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. அப்புறம் என்ன ஆச்சு என்று மூன்றே வார்த்தை. இருநூறு பேர் முன்னால் கூசாமல் கேட்டவளுக்கு, ஒருவன் முன்னால் கேட்க வரவில்லை. அவன் அழுதுவிடுவானோ என்று பயந்தேன். அழுதால் நான் எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றெல்லாம் யோசனை ஓடியது. என் வாய் தானாகவே திறந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதை, என் அம்மா சொல்வதை, அவன் அப்பா இறந்தபோது நாங்கள் நாற்பது பேரும் சொல்லாமல் சொன்னதைச் சொன்னது.

"சரி, உன்னைத் தொந்தரவு பண்ணல."

அவன் திரும்பிப் பார்த்தான். நான் படியிறங்கினேன். அவன் கதவை மூடும் சத்தம், நான் இரண்டு மாடி இறங்கும்வரை கேட்கவில்லை.