இரண்டு கவுண்டி தள்ளி ஒரு விவாகரத்து

டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் பெண் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் வில்லர்ட் ஊருக்கு வருவாள். கவுண்டி என்கிற அந்தச் சின்ன மாவட்டத்தின் நீதிமன்றக் கட்டிடத்தில், கீழ்த்தளத்தில் ஒரு மடக்கு மேசை, ஒரு கேமரா, சுவரில் ஒரு நீலத் திரை. அவ்வளவுதான் அவளுடைய அலுவலகம். அந்த மேசைமேல் ஆர்லிஸ் ஓல்சன் தன் காகிதங்களைப் பரப்பிவைத்து, பரீட்சையில் தேறிவிட்டவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிறந்த சர்டிபிகேட் இருக்கு. மொதக் கல்யாணம் இருக்கு. ரெண்டாவது கல்யாணமும் இருக்கு," என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தாள். "நடுவுல விவாகரத்துத் தீர்ப்பு எங்கம்மா?"

"அதெதுக்கு? மொதப் புருஷனை விட்டுட்டுத்தானே ரெண்டாவது ஆளைக் கட்டினேன். விடாம எவளாவது கட்டுவாளா?"

"கட்டறவங்க இருக்காங்கம்மா," என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல்.

விமானம் ஏற வேண்டுமானால் அடையாள அட்டையாக மூலையில் நட்சத்திரம் போட்ட லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்பது புதுச் சட்டம். ஆண்பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. பிறந்த பெயரோடு வந்து நின்றால் போதும். பெண்பிள்ளை மட்டும், பிறந்த பெயர் இந்தப் பெயராக எப்படி மாறியது என்று கல்யாணம் கல்யாணமாக நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் கண்டிப்பாக ஒரு ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆர்லிஸுக்கு விமானம் ஏறியே ஆக வேண்டும். அவளுடைய ஒரே மகள் கோரின், அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரத்தில் இருக்கிறாள். நாற்பதைத் தாண்டிய வயதில் கர்ப்பம். இதற்கு முன்னால் தங்காமல் போனவை மூன்று. இந்த முறை டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். மருமகனோ வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்பாதவன். "அம்மா, இந்தத் தடவை நீ பக்கத்துல இருக்கணும்," என்று கோரின் போனில் அழுதிருந்தாள். அழாத பெண் அது. நெப்ராஸ்காவிலிருந்து பனிக்காலத்தில் அலாஸ்காவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போக ஆர்லிஸ் ஒன்றும் பைத்தியம் இல்லை.

"அடுத்த செவ்வாய்க்குள்ள கொண்டுவந்துடுங்க. அட்டை தபால்ல வர்றதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகும்," என்றாள் அந்தப் பெண். பிரசவத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

தீர்ப்பு ஆர்லிஸிடம் இல்லை. வக்கீலின் உறை வந்த அன்றே, பிரித்துக்கூடப் பார்க்காமல் அடுப்பில் போட்டவள் அவள்.

மாடிப்படி ஏறிப் போனாள். மேலே கோர்ட் ஆபீசில் உட்கார்ந்திருந்தது டார்லா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்லிஸுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். கம்ப்யூட்டரில் தேடினாள். பழையது என்பதால் உள்ளறைக்குப் போய்ப் பெரிய பெரிய பெயர்ப் புத்தகங்களைப் புரட்டினாள். புருஷன் பெயரில் பார்த்தாள், பெண்டாட்டி பெயரில் பார்த்தாள். தூசியோடு திரும்பி வந்தாள்.

"இங்க ஒண்ணும் இல்லடி."

"ஒழுங்காப் பாத்தியா? டெல்மர் வாசெக். எங்க கல்யாணம் இதே கட்டிடத்துலதான் பதிவாச்சு."

"கல்யாணம் எங்க நடந்தா என்ன, விவாகரத்து எங்க போட்டாங்களோ அங்கதான் காகிதம் இருக்கும். நீ கோர்ட்டுக்கு வந்தியா இல்லையா?"

ஆர்லிஸ் வரவில்லை. ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் ஒருநாள் டெல்மர் காகிதங்களோடு சமையலறைக்கு வந்தான். நீ வர வேண்டாம், சம்மதம் என்று கையெழுத்து மட்டும் போதும் என்றான். எங்கே என்ன என்று ஒரு வரிகூடப் படிக்காமல், அவன் முகத்தையும் பார்க்காமல், கிறுக்கித் தள்ளிவிட்டாள். அவ்வளவு ஆத்திரம்.

"அப்படின்னா சட்டப்படி நீ இன்னும் டெல்மர் பொண்டாட்டி," என்றாள் டார்லா.

"வாயை மூடு. அப்ப வெர்னைக் கட்டிக்கிட்டு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினேனே, அது எந்தக் கணக்கு?"

"பாவக் கணக்கு," என்று டார்லா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆர்லிஸின் முகம் போன போக்கைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள். "சும்மா சொன்னேன்டி. வேற கவுண்டியில இருக்கும். ரெண்டு பேர் பேரும், உத்தேசமா வருஷமும் போட்டு ஒவ்வொரு கோர்ட்டுக்கும் எழுதிக் கேக்கலாம். ஆனா இது மாடு கன்னு போடற மாசம். அந்தச் சின்ன ஊருங்கள்ல ஆபீஸ்ல ஒரே ஒரு ஆளு இருக்கும், அதுவும் பாதி நாள் கொட்டகையில நிக்கும். பதில் எப்ப வருமோ. பேசாம டெல்மரைக் கேளு."

"செத்தாலும் கேக்கமாட்டேன்."

"நீ சாக வேண்டாம். உன் பொண்ணை நெனச்சுக்க."

டெல்மரோடு ஆர்லிஸ் பேசி நாற்பது வருடம். இருவரின் மகள் கோரினின் கல்யாணத்தில்கூடக் கேக்கின் இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவன். மேற்கே ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு போய்விட்டான் என்று அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. ஒரு குளிர்காலம் முழுக்க அவன் ஆளையே காணோம். வசந்தத்தில் திரும்பி வந்தபோது விவாகரத்தும் ஆகியிருந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவளும் அதையே நம்பினாள், அதையே சொல்லிக்கொண்டும் திரிந்தாள். ஒருவனைத் திட்டுவதற்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் மனுஷ ஜன்மம் அதை லேசில் விடுமா?

வெள்ளிக்கிழமை மாட்டு ஏலம். டெல்மர் அங்கேதான் இருப்பான். ஏலக் கொட்டகையின் காபிக் கடையில், தொப்பியைக்கூடக் கழற்றாமல், பட்டை போட்ட இனிப்பு ரோலைப் பிய்த்து, பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். ஆர்லிஸ் அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். கடையில் பாதிப்பேர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

"டெல்மர், என்னை எங்க வச்சு விவாகரத்துப் பண்ணின?"

அவன் ரோலைக் கீழே வைத்தான். "இன்னிக்குத்தான் கேக்கணும்னு தோணிச்சா?"

"கோரின்கிட்ட போகணும். தீர்ப்புக் காகிதம் இல்லாம லைசென்ஸ் தரமாட்டேங்கறா. டார்லா புத்தகத்துல இல்ல."

"இருக்காது. கார்னெட் கவுண்டியில போட்டேன்."

"அது ரெண்டு கவுண்டி தள்ளி! பக்கத்துல கோர்ட்டை வச்சுக்கிட்டு அங்க எதுக்குப் போன?"

டெல்மர் சுற்றுமுற்றும் பார்த்தான். எல்லாரும் அவசரமாகத் தட்டைப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நம்ம ஊர் பேப்பர்ல வியாழக்கிழமை கடைசிப் பக்கம் என்ன போடுவான்?"

ஆர்லிஸுக்குத் தெரியாதா? கோர்ட் செய்தி. வேகமாகக் கார் ஓட்டினவன், நாயைக் கட்டாமல் விட்டவன், விவாகரத்துக்குப் போட்டவன், எல்லார் பெயரும் அதில் வரும்.

"அதைக் காபிக் கடையில எழுந்து நின்னு சத்தமா வாசிச்சது யாரு? உங்க அப்பா. பேருக்குப் பேரு ஒரு நக்கல் வேற. எங்க அக்கா பேரை அவர் வாசிச்ச அன்னிக்கு நான் அங்கதான் உக்காந்திருந்தேன். கடையே சிரிச்சுது. அக்கா அடுத்த மாசமே ஊரை விட்டுப் போயிட்டா." அவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "உனக்கும் எனக்கும் ஒத்துவரல, சரி. அதுக்காக உன் பேரை அந்தக் கடையில வாசிக்கணுமா? அதுவும் உங்க அப்பன் வாயால?"

மகளின் விவாகரத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் தன் முகத்துக்கு நேரே பேசிக் கேட்காமலேயே ஆர்லிஸின் அப்பா செத்துப்போனார். அது தானாக நடந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

ஆர்லிஸ் போனில் விஷயத்தைச் சொன்னதும், டார்லா தன் கோர்ட் ஆபீசிலிருந்தே கார்னெட்டுக்குப் பேசினாள். அங்கே இருந்த கிளார்க் பத்தே நிமிடத்தில் ஆர்லிஸைக் கூப்பிட்டான். கோப்பு இருக்கிறது, தபாலில் போட்டால் செவ்வாய்க்குள் வராது, ஆபீஸ் மூடுவதற்குள் நேரில் வந்தால் முத்திரை போட்டுத் தருகிறேன் என்றான். சாயங்காலம் பனிப்புயல் என்று ரேடியோ சொன்னது. டெல்மர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"உன் காரு அந்த ரோட்டுல போகாது. என் வண்டியில ஏறு."

பாதி வழி தாண்டிவிட்டார்கள். பனி கண்ணாடியில் வந்து மோதியது. மணல்மேடுகளுக்கு நடுவே தூரத்தில் ஒரு பண்ணைக் கொட்டகை தெரிந்தபோது டெல்மர் முகவாயால் காட்டினான்.

"அங்கதான் படுத்திருந்தேன். அந்தக் கவுண்டியில குடியிருந்தாத்தான் அங்க வழக்குப் போட முடியும்னு வக்கீல் சொல்லிட்டான். அதனால கூலிக்குச் சேந்தேன்."

கேட்கவே கூடாது என்று ஆர்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள். "அப்ப அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை?"

"நீ தேடிக்கிட்டுப் போனியே, அவ!"

டெல்மர் அவளைத் திரும்பிப் பார்த்தான். வண்டி லேசாக வழுக்கியது. "பொம்பளையா? அங்க இருந்ததெல்லாம் பசுமாடுதான் ஆர்லிஸ். குளிர்ல ராத்திரி முழுக்கக் கன்னுக்குட்டியை வெளியே இழுத்தே என் முதுகு போச்சு."

"ஊரே சொல்லிச்சே! நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஏன் போனேன்னு கேப்ப. காரணத்தைச் சொன்னா நேரா உங்கப்பாகிட்டப் போய்ச் சண்டை போடுவ. உன்னை எனக்குத் தெரியாதா? அப்புறம் போனதே வீணாப் போயிருக்கும்."

ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அவன் பார்க்காதவன் மாதிரி வண்டியை ஓட்டினான்.

அவர்கள் போய்ச் சேரும்போது மூடும் நேரம் தாண்டிவிட்டது. ஆனால் விளக்கு எரிந்தது. கிளார்க் கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு, சாவியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். "ரோடு மோசமா இருக்கு, எப்படியும் லேட்டா வருவீங்கன்னு தெரியும்," என்றான். முகம் தெரியாத ஒருத்திக்காகப் புயலில் காத்திருந்த அந்த மனிதனை ஆர்லிஸ் கட்டிக்கொண்டாள். அவன் கூச்சத்தோடு முத்திரையை அழுத்தினான். காகிதத்தின் மேல் அந்த வட்டம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

வெளியே வந்ததும் அவள் படியிலேயே நின்றாள். "டெல்மர், ரொம்ப நன்றி. இந்தக் காகிதத்துக்கு மட்டும் சொல்லல."

"சரி சரி, ஏறு. பனி ஜாஸ்தியாகுது," என்றான் அவன்.

செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் பெண் நான்கு காகிதங்களையும் பார்த்துவிட்டு, நீலத் திரைக்கு முன்னால் நிற்கச் சொன்னாள். படம் எடுத்து முடிந்ததும் ஆர்லிஸ் நேராகப் பத்திரிகை ஆபீசுக்கு நடந்தாள். அந்த ஊர்ப் பக்கங்களில் சாவுக்கு வந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும் பேப்பரில் நன்றி போடுவது வழக்கம். ஆர்லிஸ் எழுதிக் கொடுத்தது இது:

டெல்மர் வாசெக்குக்கு நன்றி. என் பெயர் இந்தப் பேப்பரில் வரக்கூடாது என்பதற்காக இரண்டு கவுண்டி தள்ளிப் போய் விவாகரத்துச் செய்தார். அதற்காக ஒரு குளிர்காலம் முழுக்க மாட்டுக் கொட்டகையில் தனியாகப் படுத்திருந்தார். வேறு மாதிரி பேசிய எல்லாரும் இதைப் படிக்கவும். அதிகம் பேசியவள் நான்தான். — ஆர்லிஸ் ஓல்சன்.

பத்திரிகைக்காரப் பெண் இரண்டு முறை படித்தாள். "'தனியாக'ங்கறது அவசியமா?"

"அந்த வார்த்தைக்காகத்தான் மீதி எல்லாத்தையும் எழுதியிருக்கேன்," என்றாள் ஆர்லிஸ். "நான் அலாஸ்காவுக்குக் கெளம்பின அப்புறம் போடு. எனக்கு அவன் மூஞ்சியைப் பாக்கற தைரியம் இல்ல."

அட்டை வந்தது. ஆர்லிஸ் பறந்தாள். குழந்தை கொஞ்சம் முந்திக்கொண்டுதான் பிறந்தது. ஆனாலும் பாட்டியை முந்தவில்லை. பெண் குழந்தை, நல்ல குரல்.

டெல்மர் கூப்பிட்டது ஒரு வியாழக்கிழமை. ஆர்லிஸின் தோளில் குழந்தை விக்கிக்கொண்டிருந்தது.

"ஏன் ஆர்லிஸ், பேப்பர்ல பேரு வரக்கூடாதுன்னுதானே நான் அத்தனை பாடுபட்டேன்?"

"என் பேரு வரக்கூடாதுன்னு. இப்ப உன் பேரு வரட்டும். கடையில பாத்தாங்களா?"

"பாத்தாங்களாவா? டார்லா எழுந்து நின்னு சத்தமா வாசிச்சுட்டா. நான் முட்டையை வாயில வச்சுக்கிட்டு முழிக்கறேன்."

"யாராவது சிரிச்சாங்களா?"

"இல்ல," என்றான் டெல்மர். "ஒருத்தரும் சிரிக்கல. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து கை கொடுத்துட்டுப் போனாங்க."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது.

"அவளா அது?"

"அவதான். உன் பேத்தி."

"நீ கொஞ்சம் பேசாம இரு," என்றான் டெல்மர். "போனை அவகிட்டப் பிடி."

ஆர்லிஸ் போனைக் குழந்தையின் வாயருகே பிடித்துக்கொண்டு, அது அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.