முட்டை வழிந்த ஆவணம்

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் ஆண்ட மஹ்தியா நகரத்து உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திய பஹீஜா மேடம், ஜனவரி மாதம் ஒரு அறிவிப்பு கொடுத்தார். பள்ளி இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வில் வழக்கமான பாடப்புத்தக ஆவணங்கள் வராது. வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய கடிதம், மனு, சீட்டு எதுவானாலும் மாணவர்கள் கொண்டுவரலாம். கொண்டுவந்தால் இரண்டு மதிப்பெண் அதிகம். நல்லதாக இருந்தால் கேள்வித்தாளிலேயே அச்சேறும்.

மறுநாளே வகுப்பு முழுக்க வீரர்களின் வாரிசுகளாகி விட்டது. கஸ்ஸனின் கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக்காரனின் குதிரையை அவிழ்த்து விட்டவராம். ரஹ்மாவின் பாட்டனார் சிறையிலிருந்து கடிதம் எழுதியவராம்.

"உங்க வீட்ல என்ன இருக்கு இல்ஹெம்? எண்ணெய்ச் சட்டியா?" என்று கேட்டான் கஸ்ஸன்.

இல்ஹெமின் அப்பா மொன்சிஃப், கோட்டை வாசலுக்கு அருகே பிரிக் கடை வைத்திருந்தார். மெல்லிய மாவுத் தாளில் முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து, கொதிக்கும் எண்ணெயில் போட்டெடுப்பதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. ஆனால் பழைய காகிதம் என்று அந்த வீட்டில் இருந்தது ஒரு தையல் இயந்திரத்தின் கையேடு மட்டும்தான்.

அந்தக் கையேட்டின் கடைசியில் ஒரு வெற்றுத்தாள் இருந்தது. இல்ஹெம் அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பிளேடால் அதை நறுக்கி எடுத்தாள்.

கெட்டியாகக் காய்ச்சிய சிவப்புத் தேநீரில் தாளை முக்கி, காயவைத்து, இஸ்திரி போட்டாள். மைப்பேனாவால், அந்தக் காலத்து அரசாங்க எழுத்தர் எழுதும் வளைவு நெளிவுகளோடு எழுதினாள்: 1934 டிசம்பர் இருபதாம் தேதி நண்பகல், தனது வெள்ளைச் சீருடையில் கடைவீதியைப் பார்வையிட வந்த பிரெஞ்சு மாவட்ட அதிகாரிக்கு, ஹ்மிதா என்னும் பிரிக் வியாபாரி, முப்பது மில்லிம் விலையுள்ள பிரிக் ஒன்றை வேண்டுமென்றே அரைவேக்காட்டில் கொடுத்தான். அதிகாரி கடித்ததும் மஞ்சள் கரு மேல்பொத்தான் முதல் இடுப்புப் பட்டை வரை வழிந்தது. கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களின் எண்ணிக்கை நாற்பதுக்குக் குறையாது.

'நாற்பதுக்குக் குறையாது' என்ற இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்து ஒரு சொட்டு மை சிந்திவிட்டது. அந்தச் சொட்டும் தாளுக்கு நல்ல வயதைக் கொடுத்தது.

இரண்டு மதிப்பெண்தான் அவள் கேட்டது. பஹீஜா மேடமோ தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண் கலங்கினார்.

"இத்தன வருஷமா இத எங்கேம்மா வெச்சிருந்தீங்க?"

"தையல் மிஷினுக்குப் பக்கத்துல, மேடம்."

அதுவரை அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மேடம் தாளை ஆசிரியர் அறைக்கு எடுத்துப் போனார். ஆசிரியர் அறையிலிருந்து செய்தி காபிக் கடைக்குப் போனது. காபிக் கடையிலிருந்து கோட்டை வாசலுக்கு வர அரை நாள்கூட ஆகவில்லை. அந்த வாரக் கடைசியில் மொன்சிஃப் கடைக்கு மேலே புதுப் பலகை மாட்டியிருந்தார்: 'ஹ்மிதாவின் பேரன். 1934 முதல் வளையாத குடும்பம்.' கடை முன்னால் வரிசை நின்றது. மீன் சந்தைக் கிழவர் ஒருவர், தன் தகப்பனார் அந்த நாற்பது பேரில் ஒருவர் என்று சத்தியம் செய்தார்.

இல்ஹெம் வீட்டுக்குப் போக வேறு தெருவைப் பிடித்தாள்.

மாதிரித் தேர்வு வந்தது. ஊரின் மூன்று பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள். 'கீழுள்ள மூன்று ஆவணங்களைக் கொண்டு, 1930களில் மக்கள் எதிர்ப்பின் வடிவங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுக.' முதல் ஆவணம், வரியைக் குறைக்கக் கேட்டு ஒலிவ விவசாயிகள் கொடுத்த மனு. இரண்டாவது, இரவுக் கடையடைப்பு ஒன்றைப் பற்றிய செய்தித்தாள் துண்டு. மூன்றாவது, இல்ஹெமின் தேநீர்த் தாள். நாற்பது பேரும் அச்செழுத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சுற்றிலும் பேனாக்கள் பறந்தன. முன் பெஞ்சில் கஸ்ஸன் எழுதியதை எட்டிப் பார்த்தால் தெரிந்தது: 'அன்று உடைந்தது முட்டையல்ல, ஏகாதிபத்தியம்.' அவன் அந்த வரியை அடிக்கோடிட்டும் இருந்தான்.

தானும் அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். தன் பொய்யைத் தானே சான்றாகக் காட்டி மதிப்பெண் வாங்கலாம். இரண்டு வரி எழுதிப் பார்த்து, அடித்துவிட்டாள். மூன்றாவது ஆவணத்தை விட்டுவிட்டு எழுதலாமென்றால், பாதி மதிப்பெண் போய்விடும். வேறு வழியில்லாமல் மூன்றையும் மறுபடி படித்தாள், யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியதைப் படிப்பதுபோல.

செய்தித்தாள் துண்டின் தேதி 1934 டிசம்பர் பதினேழு. அதன் நடுவில், 'நோன்பு மாதம் என்பதால் பகலில் கடைவீதி வெறிச்சோடிக் கிடந்தது' என்று இருந்தது.

இல்ஹெம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நோன்பு மாதத்தில், நண்பகலில், நடுத்தெருவில் பிரிக் பொரித்தானா ஹ்மிதா? அவள் அப்பா அந்த மாதம் முழுக்கச் சூரியன் சாயும்வரை அடுப்பே மூட்ட மாட்டார். டிசம்பர் குளிரில் அதிகாரி வெள்ளைக் கோடைச் சீருடையில் வருவானா? எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது மில்லிம்! மில்லிம் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. அன்றைக்கு ஊரில் ஓடியது பிராங்க்.

"சே, என்ன மட்டமா எழுதியிருக்கா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். மேற்பார்வையாளர் முறைத்தார்.

அப்புறம் பேனா நிற்கவில்லை. முதல் இரண்டு ஆவணங்களைக் கொண்டு மனுவையும் கடையடைப்பையும் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். மூன்றாவதற்கு வந்ததும் எலும்பு எலும்பாகக் கழற்றினாள். தேதி பொய், உடை பொய், காசு பொய். இதை எழுதியவருக்கு வரலாறு தெரியாது, பிரிக் மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே இது பிற்காலத்தில், அநேகமாகப் பிரிக் வியாபாரத்தோடு தொடர்புள்ள ஒருவரால் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று முடித்தாள். நாற்பது பேர் சிரித்ததை எண்ணிக்கொண்டு நின்ற எழுத்தருக்கு வேறு வேலையே இல்லையா என்றும் கேட்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து மேடம் அவளைத் தனியாக அழைத்தார். மேசைமேல் அவள் விடைத்தாளும் தேநீர்த் தாளும் அருகருகே கிடந்தன.

"இந்த ஆவணத்த எனக்குக் கொடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"இது பொய்னு நிரூபிச்சது?"

"அதுவும் நான்தான் மேடம்."

"எழுதினது?"

பதிலுக்குக் காத்திராமல் மேடம் தாளை எடுத்து முகர்ந்தார். "தேத்தண்ணி. நான் இத ஃபிரேம் போட்டு மாட்டலாம்னு இருந்தேன்டி. மூணு ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன். மொத்தம் நூத்திப் பதினோரு பேரு, நூத்திப் பத்துப் பேரு முட்டையப் பாராட்டியிருக்காங்க. பத்து வருஷம் பாடம் எடுத்த எனக்கு அந்த மில்லிம் கண்ணுல படல." கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று இல்ஹெம் பயந்துபோனாள். அது அழுகை இல்லை.

கட்டுரைக்கு இருபதுக்குப் பதினேழு போட்டார். ஆவணம் கொண்டுவந்ததற்கான இரண்டையும் அடித்தார். பொய்ச் சரக்கு விற்றதற்கு மேலும் மூன்றைக் கழித்தார். "அப்பாகிட்ட நீயே சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது."

அன்று சாயங்காலம் கடையில் கூட்டம் குறையும்வரை இல்ஹெம் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, அந்த ஹ்மிதா தாத்தா கதை... நான் எழுதினது."

மொன்சிஃப் சட்டியிலிருந்த பிரிக்கைத் திருப்பிப் போட்டார். "தெரியும்."

"தெரியுமா?"

"எங்க தாத்தா பேரு ஹ்மிதாவே இல்ல, அலாலா. முடி வெட்டுறவரு. பிரெஞ்சுக்காரனுக்கே ஷேவ் பண்ணி விட்டுட்டு, ஒரு கீறல்கூட விழலன்னு சாகுற வரைக்கும் பெருமை பேசினவரு."

"அப்புறம் ஏன்ப்பா பலகை மாட்டினீங்க?"

"மேடம் கடைக்கு வந்து, எல்லாரும் பாக்க என் கையப் புடிச்சுக் குலுக்கினாங்க. இருபத்திரெண்டு வருஷமா இந்த எண்ணெய்க் கையி. யாரும் குலுக்கினதில்ல." அவர் அடுப்பைத் தணித்தார். "அந்த நேரத்துல இல்லன்னு சொல்ல வாய் வரல, மகளே."

இல்ஹெம் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள். அவரே ஏறிப் பலகையைக் கழற்றினார். மறுநாள் மீன் சந்தைக் கிழவர் வந்து, பலகை எங்கே, தன் தகப்பனாரை அவமானப்படுத்துகிறீர்களா என்று சண்டைக்கு நின்றார். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு பிரிக் ஆனது.

திங்கட்கிழமை மேடம் வகுப்பில் எதையும் மறைக்கவில்லை. தான் ஏமாந்ததை முதலில் சொன்னார். பிறகு இல்ஹெமின் கட்டுரையைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்தார். வகுப்பு அதிர்ந்தது. கஸ்ஸன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

"பிரிக் வியாபாரத்தோட தொடர்புள்ள ஒருவராமே! ஏன்டி, உன்ன நீயே காட்டிக் கொடுத்துக்கிட்டியா?"

"மார்க்கு கிடைக்குமேன்னுதான்" என்றாள் இல்ஹெம்.

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்தார். சிறைக் கடிதம், குதிரை அவிழ்த்த கதை, எல்லாம் அதற்குள் இருந்தன. "மொத்தம் முப்பத்தோரு ஆவணம். வியாழக்கிழமையிலிருந்து இதே மாதிரி ஒவ்வொண்ணா வகுப்புல பரிசோதனை பண்ணப் போறோம். தேதி, உடை, காசு, காகிதம் எல்லாம். இல்ஹெம் தலைமையில."

கஸ்ஸனின் சிரிப்பு பாதியில் நின்றது.

புதன்கிழமை காலை ஆசிரியர் அறை வாசலில் பெரிய வரிசை. ஒருவருக்கு அம்மா அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டாளாம். ஒருவருக்கு அது பக்கத்து வீட்டுக்காரருடையதாம். கஸ்ஸன், தன் கொள்ளுத்தாத்தா தற்பெருமை பிடிக்காத மனிதர் என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

மணி அடித்தபோது கோப்பில் மிச்சமிருந்தவை நான்கு.