பிரசாதமும் வயிற்றுக்குள்தான் போகிறது

"நான் தூங்கசொல்ல நீங்களும் தூங்கிட்டா, என் மூச்ச யாரு பாத்துப்பா?"

கேட்டவள் அபிஷேகப்பாக்கத்து இளவரசி, ஏழு வயது. இரண்டு வருடமாகச் சீழ் வடியும் காதில் மறுநாள் அறுவை சிகிச்சை. மயக்க மருத்துவர் உஷாராணி அவள் கன்னத்தைத் தட்டினாள். "நான் கண்ண மூடவே மாட்டேன்டி."

அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரிக்குக் காது சர்ஜன் சிவப்பிரகாசம் மாதம் ஒரு நாள்தான் வருவார். மறுநாள் காலை எட்டு மணிக்கு உஷாராணி வழக்கம்போலக் கேட்டாள், "புள்ள ஏதாச்சும் சாப்ட்டாளா?"

"பச்சத்தண்ணி கூட இல்ல டாக்டர்," என்றாள் தாய் புவனேஸ்வரி. பொய் சொல்கிற முகமில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த மணியம்மாள் மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "இன்னாம்மா, ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில்ல பொங்கல் ஊட்டினு இருந்தியே?"

"அது பிரசாதம்! சாப்பாட்டுக் கணக்குல வருமா? உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?"

உஷாராணி கோபிக்கவில்லை. "பிரசாதம்தாம்மா. வயித்துக்குத் தெரியாதே. மயக்கத்துல மேல வந்து மூச்சுக்குழல்ல போனா உசுருக்கே ஆபத்து. சாப்ட்டு எட்டு மணி நேரம் போவட்டும், மூணு மணிக்கு வெச்சுக்கலாம்."

"மூணா!" என்றார் சர்ஜன். "என் சம்சாரத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

"சொல்றேன் சார். காது அடுத்த மாசமும் இருக்கும். மூச்சு போனா வருமா?"

அவர் சிரித்து உட்கார்ந்துவிட்டார். மணியம்மாள்தான் பெருமூச்சுவிட்டாள். கடைசி அறுவை முடிந்து தியேட்டரைக் கழுவாமல் அவள் ஊருக்குப் போகும் ஐந்து மணி பண்டசோழநல்லூர் பஸ்ஸில் ஏற முடியாது.

மூன்று மணிக்கு இளவரசி தூங்கினாள். பாதியில் கரண்ட் போனது. பேட்டரி தேய்ந்த பழைய மானிட்டரும் கூடவே அணைந்தது.

"டாக்டரம்மா, மூச்சு?" இருட்டில் சர்ஜனின் குரல்.

"காதுல கேட்டுனே இருக்கு சார். வெளிச்சம் வரட்டும், கைய அசைக்காதீங்க."

குழந்தையின் நெஞ்சில் முன்பே ஒட்டிவைத்த ஸ்டெதாஸ்கோப் உஷாராணியின் காதில் இருந்தது. கை, சுவாசப் பையை அமுக்கி ஆக்சிஜன் தந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் உறுமும்வரை ஒரு மூச்சும் தவறவில்லை.

நாலரைக்கு இளவரசி கண் திறந்தாள். "தூங்கினீங்களா?"

"இல்லடி."

மகளோடு தானும் பட்டினி கிடந்த புவனேஸ்வரியை, காலையில் பட்ட ஏச்சை மறந்து, மணியம்மாள் டீக்கடைக்கு அழைத்துப் போயிருந்தாள்.

உஷாராணி தியேட்டருக்குள் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். காலையில் அந்த மாப் சுவரில் சாயாமல் இருந்திருந்தால்? புடவையைத் தூக்கிச் செருகி, வாளியில் பினாயில் ஊற்றி, மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மாப்பை அலசி, மணியம்மாள் வைக்கிற அதே இடத்தில் சாய்த்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறினாள்.