வெள்ளிக்கிழமைச் சண்டை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஜெய்லானி ராவுத்தர், அவர் மனைவி ரஹ்மத் பீவி, மூத்த மகன் ரபீக், அவன் மனைவி நசீமா, தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டு ஒரு வாரம் தங்கிப் போக வந்திருந்த மகள் பாஜிலா. இளைய மகன் அப்சல் தம்மாமிலிருந்து தொலைபேசியில் இருந்தான். இவர்களைத் தவிர இன்னொருவர் உள்ளே இருந்து சண்டையைக் கண்ணால் பார்த்ததாகக் கம்பம் ஊரில் யார் சொன்னாலும், அவர் அந்த வீட்டுப் படியேறியவர் அல்லர்.

2003இல் நடந்தது இது. அப்சல் சவூதிக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. விசா வாங்கிக் கொடுத்தவர் பாஜிலாவின் மாமனார். "ரெண்டு வருஷம் எம்மகன் நெலச்சு நிப்பான்" என்று ராவுத்தர் சம்பந்தியின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு இப்போது ஆட்டங்கண்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை பையன் தாயிடம், "சோறு எறங்க மாட்டேங்குதும்மா. ஊருக்கு வந்துரட்டுமா?" என்று கேட்டுவிட்டான்.

தொலைபேசி தெரு ஜன்னலை ஒட்டி இருந்தது. மணி அடித்ததும் ராவுத்தர் முதலில் ஜன்னலைச் சாத்துவார். வீட்டுப் பேச்சு தெருவில் விழக்கூடாது. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து விழுந்ததில்லை. அதன்பின் வயது வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து சலாம் சொல்லி, நல்லா இருக்கோம், நீயும் நல்லா இரு என்று முடித்துக்கொண்டு நகர வேண்டும்.

"அத்தா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகளே?" என்று அப்சல் போன வாரம் தகப்பனாரிடம் கேட்டிருந்தான். "வாரா வாரம் ரேடியோவுல நியூஸ் கேட்ட மாதிரி இருக்கு. அடுத்த வாரம் யாரும் எங்கிட்டப் பேச வேணாம். முன்னாடியே சாப்பிட்டுறாதீக. ஸ்பீக்கர்ல போட்டுட்டு நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க. நானும் இங்கன தட்டை வச்சு உக்காந்துக்கிறேன்."

அவன் அங்கே ஜும்மாத் தொழுகை முடித்து அறைக்குத் திரும்ப, இங்கே மூன்றரை மணியாகிவிட்டது. அதுவரை வீடே பசியோடு காத்திருந்தது. மணி அடித்தது. ராவுத்தர் ஜன்னலைச் சாத்தினார். ரபீக் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினான். நெய்ச்சோறும் கறி போட்ட தாளிச்சாவும் விரிப்புக்கு வந்தன. ராவுத்தரின் முகத்தைப் பார்த்தபடி எல்லாரும் சம்பந்தி வீட்டு விருந்தில் உட்கார்ந்தது போலச் சாப்பிட்டார்கள்.

"என்னம்மா, மவுத்தான வீடு மாதிரி பேச்சையே காணோம்? மதினி எங்க?" என்றது தொலைபேசி.

"இங்கனதான் இருக்கேன்" என்றாள் நசீமா, சத்தமே இல்லாமல்.

"நல்லி யாருக்கு?"

எல்லாருடைய கையும் நின்றது. அப்சல் வீட்டிலிருந்தபோது தாளிச்சாச் சட்டி வந்ததும் நல்லி எலும்புக்குத்தான் அடிதடி. ராவுத்தர் தரையில் தட்டி, "மெதுவா! தெருவுக்குக் கேக்குது!" என்பார். அவன் போனபிறகு அதை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. சட்டியிலேயே கிடந்து மறுநாள் சூடுபடும்.

"யாரும் எடுக்கலப்பா" என்றாள் ரஹ்மத் பீவி.

அப்சல், "சரிம்மா. வச்சிரட்டுமா?" என்றான். அழுகையை விழுங்கிக்கொண்டு பேசும் அந்தக் குரலை அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ராவுத்தருக்குத் தெரியும். சம்பந்திக்குக் கொடுத்த வாக்கு அப்போது அவர் நினைவிலேயே இல்லை. எங்கேயோ ஓர் அறையில் பையனின் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அதுதான் நினைவில் இருந்தது.

தன் தட்டில் இதைப் போடு என்று ஆயுளில் ஒருநாளும் கேட்டறியாத மனிதர், தொண்டையைச் செருமினார். "ரஹ்மத்து! அந்த நல்லிய இங்கன போடு. எனக்குப் போக மிச்சந்தான் மத்தவகளுக்கு!"

எல்லாரும் திகைத்துப் போனார்கள். முதலில் விளங்கிக்கொண்டவள் பாஜிலா.

"அதெப்படித்தா? மூணு மாசம் கழிச்சு வந்திருக்கேன், எனக்குத்தான்!"

"ஆமா, தேவாரத்துல ஆடே கெடையாது பாரு" என்றாள் நசீமா.

"நீங்க அடுப்படியிலயே ஒண்ண உறிஞ்சிட்டுத்தான வந்தீக மதினி? மொதல்ல வாயத் தொடைங்க!"

"ஏலே ரபீக்கு, ஒம்பொண்டாட்டியத் திருடிங்கிறா, நீ கல்லு மாதிரி இருக்க?" என்றாள் ரஹ்மத் பீவி. சண்டையின் மறைவில் நல்லி ரபீக்கின் தட்டுக்குப் போயிருந்தது. டொக் டொக் என்று எலும்பைத் தட்டில் தட்டினான்.

"அண்ணே! அது என் எலும்பு!" என்று தம்மாமிலிருந்து அலறல் வந்தது. "தட்டு, இன்னும் தட்டு, கேக்கட்டும்!" பிறகு, "அத்தா, ஜன்னலு சாத்தியிருக்கா? தெருச் சத்தமே வரலையே" என்றான்.

சண்டை சட்டென்று நின்றது. எல்லாரும் ராவுத்தரைப் பார்த்தார்கள். அவர் எழுந்துபோய் இடது கையால் கொக்கியைத் தள்ளி, இரண்டு கதவையும் விரியத் திறந்தார். குமுளி பஸ்ஸின் ஹாரனும், தேங்காய் ஏற்றிப் போன டிராக்டரின் சத்தமும் உள்ளே வந்தன. எதிர்வாசலில் பிச்சையம்மாள் கன்னத்தில் கையை வைத்து நின்றாள். ராவுத்தர் அவளை நேராகப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, முன்னைவிட உரக்க, "எங்கடா என் நல்லி?" என்றார்.

மறுபடி சண்டை பிடித்துக்கொண்டது. அந்த இரைச்சலுக்கு அடியில் தொலைபேசியிலிருந்து சத்தமாக மெல்லும் ஒலி வந்தது. வாயை மூடி மெல்லு என்று அவனைச் சின்ன வயதில் எத்தனையோ முறை அதட்டியிருக்கிறார். இன்று அதட்டவில்லை.

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்கப்பா" என்றார்.

"போட்டுக்கிட்டேன்த்தா."

அதன்பின் எல்லா வெள்ளிக்கிழமையும் ஜன்னல் திறந்தே இருந்தது. ராவுத்தர் வீட்டில் சண்டை என்ற பேச்சு பஜாருக்குப் போய், அங்கிருந்து உத்தமபாளையம் தாண்டி, கடைசியில் தேவாரத்துச் சம்பந்தி காதிலும் விழுந்தது. அவர் பதறிக்கொண்டு வந்தார். அவருக்குச் சொன்னதே மற்றவர்களுக்கும்: ராவுத்தர் வீட்டில் சொத்துப் பிரிக்கப்படவில்லை. பாஜிலா பங்கு கேட்கவில்லை. ரபீக் தனிக்குடித்தனம் போகவில்லை. அங்கே நடந்தது நல்லி எலும்புச் சண்டை.